மொட்டை மரத்துக்குப் பெயர் என்ன?

ஸ்கார்பரோவின் கிழக்கு ஓரத்தில் ரூஜ் ஆறு ஒன்டாரியோ ஏரியில் கலக்கிறது. கலப்பதற்கு முன் சம்பும் கோரையும் மண்டிய சதுப்பாகப் பரந்து கிடக்கிறது. கோடை ஞாயிறுகளில் அந்தக் கரையில் தமிழ்ப் பேச்சு கேட்காமல் இருப்பது அபூர்வம். நவம்பரில் ஆளே இருக்காது. அந்த மாதத்தில் ஒன்டாரியோவின் எந்த ஈரக்காட்டுக்குள் நுழைந்தாலும் காட்சி ஏறக்குறைய ஒன்றுதான்: கறுத்த தண்ணீர், அதில் கணுக்கால் நனைய நிற்கும் சாம்பல் நிற மரங்கள், ஒன்றிலும் இலை இல்லை. இவற்றில் ஒன்றைக் காட்டி இது என்ன மரம் என்று ஒரு பிள்ளை கேட்டால் பெரியவர்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள். கைப்பேசிச் செயலிகளும் அங்கே தடுமாறும். அவை இலையையும் பூவையும் பார்த்துப் பழகியவை.

ஆனால் விடை மரத்திலேயே இருக்கிறது, அதுவும் கைக்கெட்டும் உயரத்தில். அதை வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு இலை ஒரு பொருட்டே இல்லை. என்னைக் கேட்டால் இலையைவிடக் குச்சியைத்தான் நம்பலாம் என்பேன். ஒரே மரத்தில் வெயிலில் நிற்கும் கிளையின் இலை ஓர் அளவு, நிழலில் கிடக்கும் கிளையின் இலை இன்னோர் அளவு. கன்றின் இலை வேறு, முதிர்ந்த மரத்தின் இலை வேறு. குச்சி இவ்வளவு வேடம் போடுவதில்லை.

முதலில் தீர்க்க வேண்டியது மரத்துக்கு உயிர் இருக்கிறதா என்பது. நம் ஊர்க் கண்ணுக்கு இலையில்லாத மரம் பட்ட மரம். பென்சில் பருமனுள்ள சிறு கிளையை நகத்தால் லேசாகக் கீறினால் போதும். மேல்தோலுக்கு அடியில் ஈரப்பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. காய்ந்த பழுப்பு தெரிந்தால் அந்தக் கிளையாவது போய்விட்டது. இந்தச் சோதனையைச் செய்யாமல் அவசரப்படுகிறவர்களை அதிகம் ஏமாற்றும் மரம் டமராக். பைன் வகையறாவைச் சேர்ந்தது; ஊசி இலை, சிறு கூம்பு எல்லாம் உண்டு. பைன் என்றால் எப்போதும் பச்சை என்றுதான் நாம் படித்திருக்கிறோம். டமராக்கோ அக்டோபரில் பொன்மஞ்சளாகி, எல்லா ஊசிகளையும் கொட்டிவிட்டு எலும்புக்கூடாக நிற்கும். கிளை நெடுக முண்டு முண்டாகக் குட்டைத் தளிர்கள் இருக்கும். வசந்தத்தில் ஒவ்வொரு முண்டிலிருந்தும் ஊசிகள் கொத்தாக வெளிவரும். அந்த முண்டுகளும், கிளையில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் ஓர் அங்குலத்துக்கும் குறைவான கூம்புகளும் தெரிந்தால் அது டமராக்தான். வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை.

அடுத்து, காலடியில் கிடக்கும் இலையைப் பொறுக்கும் ஆசையை அடக்க வேண்டும். தோட்டத்தில் என்றால் மரத்தடியில் கிடப்பது பெரும்பாலும் அந்த மரத்தின் இலை. ஈரக்காட்டில் இலை மிதக்கும். வெள்ளம் மேட்டுக்காட்டு ஓக் இலையைக் கொண்டுவந்து மேப்பிளின் வேரில் சேர்த்துவிட்டுப் போகும். தண்ணீர் நிற்கும் இடத்தில் தரையில் கிடக்கும் இலை பொய்சாட்சி.

நல்ல சாட்சி அந்தத் தண்ணீரேதான். வேருக்கும் மூச்சு வேண்டும். தண்ணீரில் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைப்போல ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். அதனால் நீர் தேங்கிய மண்ணில் பெரும்பாலான மரங்களின் வேர் திணறிச் செத்துப்போகும். தாக்குப்பிடிக்கும் மரங்கள் சிலவே. ஆக, மரம் தண்ணீரில் நிற்கிறது என்ற ஒரே செய்தி, அந்த வட்டாரத்து நூற்றுக்கும் மேற்பட்ட மரங்களில் பலவற்றை எடுத்த எடுப்பிலேயே பட்டியலிலிருந்து நீக்கிவிடுகிறது. ஒன்டாரியோவில் மிஞ்சுகிறவை செம்மேப்பிள், வெள்ளி மேப்பிள், கருப்பு ஆஷ், பச்சை ஆஷ், வில்லோ, ஆல்டர், டமராக், வெள்ளை சிடார், எல்ம், மஞ்சள் பர்ச், பாப்ளர் வகைகள், இன்னும் சில.

இந்த மூச்சுத்திணறலைச் சமாளிக்கும் விதம்கூட மரத்தைக் காட்டிக்கொடுக்கும். பிச்சாவரத்துப் படகோட்டிகளுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தண்ணீருக்குள் வளைந்து இறங்கும் முட்டுவேர்கள் என்றால் சுரபுன்னை. சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மேல்நோக்கிக் குத்திட்டு நிற்கும் மூச்சுவேர்கள் என்றால் வெண்கண்டல். இலையை நிமிர்ந்து பார்க்கவே தேவையில்லை. சிதம்பரத்துக்குப் பெயர் தந்த தில்லையில் இந்த இரண்டு வகை வேரும் இருக்காது. அதன் இலை சிவந்து உதிரும். மொட்டையாக நின்றாலும் பட்டையில் கீறல் விழுந்தால் வெள்ளைப் பால் கசியும். அது கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கக்கூடிய பால் என்பதால் கீறிப் பார்க்கும் யோசனையை யாருக்கும் சொல்லமாட்டேன்.

ஒன்டாரியோவில் இவ்வளவு கண்காட்சி கிடையாது. அங்கே ஆல்டர் மரத்தின் வேரைத் தோண்டினால் கொத்துக்கொத்தாக முடிச்சுகள் இருக்கும். ஃபிராங்கியா என்ற நுண்ணுயிர் அதற்குள் குடியிருந்து காற்றின் நைட்ரஜனைப் பிடித்து மரத்துக்குக் கொடுக்கிறது. நம் கடற்கரைச் சவுக்கு வெறும் மணலில் வளர்ந்துவிடுவதும் இதே ஃபிராங்கியாவின் தயவில்தான். ஆனால் உறைந்த சேற்றைத் தோண்டி ஆல்டரைக் கண்டுபிடிக்க வேண்டிய அவசியம் இல்லை. போன வருடத்துக் காய்கள் மரத்தன்மை ஏறிச் சின்னஞ்சிறு பைன் கூம்புபோல குளிர்காலம் முழுவதும் கிளையிலேயே தொங்கும். அகன்ற இலை மரத்தில் கூம்பு தொங்கினால் ஆல்டர் என்று எழுதிக்கொள்ளலாம்.

கூம்பும் இல்லை, முண்டும் இல்லை என்றால் குச்சியைக் கையில் எடுக்க வேண்டியதுதான். ஆனால் தொடுவதற்கு முன் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். தெற்கு ஒன்டாரியோவிலிருந்து கீழே அமெரிக்காவின் கிழக்குப் பகுதி முழுக்கச் சதுப்புகளில் மட்டும் வளரும் ஒரு சிறுமரம் இருக்கிறது. நச்சு சூமாக் என்பார்கள். அதன் நஞ்சு இலையோடு உதிர்ந்து போவதில்லை. குளிர்காலக் குச்சியிலும் இருக்கும். தோலில் பட்டால் கொப்புளம். சேராங்கொட்டையைக் கையாண்டு கை வெந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். இரண்டும் மாங்குடும்பம், முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெயும் மாங்காய்ப் பாலும் சிலர் தோலைப் புண்ணாக்குவதும் இதே உறவால்தான். மெல்லிய காம்புகளில் வெளிறிய வெள்ளைக் காய்கள் சரஞ்சரமாகத் தொங்கும் மரத்தைச் சதுப்பில் கண்டால் கையைப் பையிலேயே வைத்துக்கொள்வது நல்லது.

மற்ற மரங்களில் முதலில் பார்ப்பது மொட்டுகள் நிற்கும் ஒழுங்கை. இலை இருந்த இடத்துக்கு நேர் மேலே ஒரு மொட்டு இருக்கும். அந்த மொட்டுகள் இந்தப் பக்கம் ஒன்று, சற்றுத் தள்ளி அந்தப் பக்கம் ஒன்று என்று மாறி மாறி நிற்கின்றனவா, அல்லது ஒரே கணுவில் எதிரெதிராகச் சோடி சேர்ந்து நிற்கின்றனவா? நம் மரங்களில் வேம்பும் அரசும் முதல் வகை. நாவலும் தேக்கும் இரண்டாம் வகை. வட அமெரிக்க மரங்களில் பெரும்பான்மை மாறி மாறி நிற்பவை. எதிரெதிர் மொட்டுள்ள பெருமரங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான்: மேப்பிள், ஆஷ், குதிரைச் செஸ்ட்நட். புதர் அளவில் டாக்வுட்டையும் இன்னும் சிலவற்றையும் சேர்க்கலாம். நம் கையிலுள்ள குச்சியில் எதிரெதிர் மொட்டு இருந்தால் வில்லோ, ஆல்டர், எல்ம், பர்ச், பாப்ளர் அத்தனையும் ஒரே பார்வையில் வெளியே போய்விட்டன. தண்ணீரில் நிற்கும் பெருமரம் என்பதால் மிஞ்சுவது மேப்பிளா ஆஷா என்ற கேள்விதான். இதில் ஒரு சிறு எச்சரிக்கை: காற்றும் மானும் சேர்ந்து சோடியில் ஒன்றை முறித்திருக்கலாம். ஒரு குச்சியை வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது.

அந்தக் கேள்விக்கு விடை சொல்வது தழும்பு. குளிர்காலக் குச்சியில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இலை தானாகப் பிய்ந்து விழுவதில்லை. மரம் அதைத் திட்டமிட்டு வெட்டிவிடுகிறது. பகல் குறுகக் குறுக இலை உண்டாக்கி அனுப்பும் ஆக்சின் என்ற ஹார்மோன் குறைகிறது. எத்திலீனின் கை ஓங்குகிறது. காம்பு கிளையோடு சேரும் இடத்தில் முன்கூட்டியே அமைந்திருக்கும் ஒரு மெல்லிய செல்வரிசை விழித்துக்கொள்கிறது. செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருக்கும் பொருளை நொதிகள் கரைக்கின்றன. கிளைப் பக்கம் இருக்கும் செல்கள் தக்கைப் பொருளைப் பூசிக்கொண்டு காயத்தை மூடிக்கொள்கின்றன. கடைசியில் இலையைப் பிடித்துக்கொண்டிருப்பது சாற்றுக்குழாய்களின் சில நார்கள் மட்டும். ஒரு காற்று வந்தால் அவையும் அறுந்துவிடும்.

அறுந்த இடத்தில் மிஞ்சுவதுதான் இலைத்தழும்பு. தென்னை மரத்தில் அடிமுதல் நுனிவரை தெரியும் வளையங்கள் மட்டை விழுந்த தழும்புகள். பப்பாளித் தண்டில் வரிசையாக இருக்கும் முகங்களும் அவையே. வட அமெரிக்க மரங்களின் தழும்பு சின்னது, சில மில்லிமீட்டர்; பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ் இருந்தால் நல்லது. தழும்பின் வெளிக்கோடு காம்பு எந்த வடிவில் கிளையைப் பற்றியிருந்தது என்பதைச் சொல்லும். அதற்குள்ளே சின்னச் சின்னப் புள்ளிகள் இருக்கும். ஒவ்வொரு புள்ளியும் இலைக்குள் தண்ணீர் கொண்டுபோன குழாய்க்கட்டு அறுந்த இடம். இலை மண்ணோடு மக்கிய பிறகும் அதற்கு எத்தனை குழாய் போயிற்று என்ற கணக்கு குச்சியில் அப்படியே இருக்கிறது. இந்தக் கணக்கு மரத்துக்கு மரம் வேறு. ஒரே மரத்துக்குள் அவ்வளவாக மாறாது.

மேப்பிளின் தழும்பு குறுகலான பிறை அல்லது ஆங்கில வி எழுத்து மாதிரி. உள்ளே மூன்று புள்ளிகள். ஆஷின் தழும்பு அகலமானது. உள்ளே ஏராளமான புள்ளிகள் நெருக்கமாக லாட வடிவில் வளைந்து நிற்கும். ஆஷ் இலை ஒற்றை இலை அல்ல, பல சிற்றிலைகள் சேர்ந்த பெரிய கூட்டிலை. அதைத் தாங்கிய காம்பும் பெரிது. நம் குச்சியில் லாடம் தெரிகிறது. மேப்பிளும் போயிற்று.

இது ஏதோ புதுக்கால உத்தி அல்ல. பூவின் பாகங்களை எண்ணித் தாவரங்களை வகைப்படுத்திய லின்னேயஸ் வாழ்ந்தது ஸ்வீடனில். அங்கே பூ கிடைக்கும் மாதங்கள் குறைவு. அவரிடம் படித்த பேர் லோஃப்லிங் 1749-ல் உப்சாலாவில் மரங்களின் மொட்டுகளைப் பற்றியே ஓர் ஆய்வேட்டை முன்வைத்தார். 1918-ல் அமெரிக்கத் தாவரவியலாளர் வில்லியம் ட்ரிலீஸ் குளிர்காலத் தாவரவியல் என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு கையேடே வெளியிட்டார். குச்சி, மொட்டு, தழும்பு ஆகியவற்றின் படங்கள்தான் அதன் உயிர். நம் பக்கத்தில் இன்னும் பழைய சான்று உண்டு. தொல்காப்பிய மரபியல், வெளியே வைரம் கொண்டவற்றைப் புல் என்றும் உள்ளே வைரம் கொண்டவற்றை மரம் என்றும் பிரிக்கிறது. அந்தக் கணக்கில் தென்னையும் பனையும் மூங்கிலும் புல். இன்றைய தாவரவியலும் அவற்றை ஒருவித்திலை என்ற ஒரே பெரும்பிரிவில்தான் வைத்திருக்கிறது. பிரிக்கும் அளவுகோல் இலை அல்ல, தண்டின் உள்ளே இருப்பது.

தண்டின் உள்ளே இருப்பதைக் குளிர்கால வாசகர்களும் விட்டுவைப்பதில்லை. குச்சியைக் குறுக்கே வெட்டி, நடுவிலுள்ள மெத்தென்ற சோற்றுப் பகுதியின் வடிவைப் பார்ப்பார்கள். ஓக்கிலும் பாப்ளரிலும் அது ஐந்துமுனை நட்சத்திரம், ஆல்டரில் முக்கோணம். தெற்கே டூப்பலோ என்ற சதுப்பு மரத்தின் குச்சியை நீளவாக்கில் பிளந்தால் சோற்றுக்குக் குறுக்கே வரிசையாகத் தடுப்புகள் தெரியும். மூக்கும் உதவும். மஞ்சள் பர்ச்சின் குச்சியைச் சுரண்டி முகர்ந்தால் வலித்தைலத்தின் வாடை வரும். அந்தத் தைலங்களில் சேர்க்கும் மெத்தில் சாலிசிலேட் அந்த மரத்தில் இயற்கையாகவே இருக்கிறது. வெள்ளி மேப்பிளின் குச்சியை ஒடித்தால் ஒரு கெட்ட நெடி. செம்மேப்பிளில் அது இல்லை. பால்சம் பாப்ளரின் பிசுபிசுத்த மொட்டை நசுக்கினால் விரலில் பிசின் மணம் நெடுநேரம் நிற்கும்.

பட்டையைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். எல்லோரும் முதலில் பார்ப்பது அதைத்தான், ஏமாறுவதும் அதில்தான். இளமையில் வழவழப்பாக இருந்த பட்டை ஐம்பது வருடத்தில் அடையாளமே தெரியாமல் வெடித்துப்போகும்.

மொட்டு அப்படியல்ல. வசந்தத்தில் விரியப்போகும் இலை அதற்கு முந்தைய கோடையிலேயே உருவாகி, செதில் மூடிய மொட்டுக்குள் மடிந்து உட்கார்ந்திருக்கிறது. நவம்பர் மரத்தில் இலை இல்லை என்பது பாதி உண்மைதான். அடுத்த வசந்தத்தில் விரியப்போகும் இலை அதன்மேல் இருக்கிறது. அதை எப்படிப் பொதிந்து வைப்பது என்பதில் ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு வழக்கம். வில்லோ ஒரே ஒரு செதிலைத் தொப்பிபோல் கவிழ்த்து மூடுகிறது. ஆல்டர் மொட்டுக்குக் காம்பு உண்டு. செம்மேப்பிளில் பூமொட்டுகள் உருண்டு சிவந்து கொத்தாக நிற்கும். மொட்டு விரியும்போது செதில்கள் உதிர்ந்த இடம் கிளையைச் சுற்றி நெருக்கமான மெல்லிய வளையங்களாக நிலைத்துவிடும். நுனியிலிருந்து கீழே வந்து முதல் வளையம்வரை இந்த வருடத்து வளர்ச்சி, அங்கிருந்து அடுத்த வளையம்வரை போன வருடத்தது. மழை பொய்த்த வருடமும் வெள்ளம் நெடுநாள் நின்ற வருடமும் குட்டையான இடைவெளியாகத் தெரியும்.

நம் ஆஷ் குச்சிக்குத் திரும்புவோம். எந்த ஆஷ்? பாடநூல் சொல்லும் உறுதியான வித்தியாசம், கருப்பு ஆஷின் சிற்றிலைகளுக்குத் தனிக்காம்பு இல்லை என்பது. நவம்பரில் இந்தத் தகவலால் என்ன பயன்? நல்லவேளையாக நுனிமொட்டு கைகொடுக்கிறது. பச்சை ஆஷில் கிளை நுனியில் இருக்கும் மொட்டும் அதன் பக்கத்துச் சோடி மொட்டுகளும் ஒட்டி உட்கார்ந்திருக்கும். கருப்பு ஆஷில் நுனிமொட்டு ஏறக்குறைய கறுப்பு. பக்கமொட்டுச் சோடி அதிலிருந்து சற்று இறங்கி, நடுவே வெறும் தண்டு தெரியும்படி இடைவெளி விட்டு நிற்கும். மேட்டுநிலத்து வெள்ளை ஆஷ் என்றால் தழும்பின் மேல்விளிம்பு குழிந்து மொட்டு அந்தக் குழிக்குள் அமர்ந்திருக்கும். பச்சை ஆஷின் தழும்பு மேலே தட்டையான அரைவட்டம். இதற்குப் பிறகு வேண்டுமானால் பட்டையைக் கூப்பிடலாம்: கருப்பு ஆஷின் பட்டை மிருதுவான தக்கைபோல இருக்கும், விரலால் தேய்த்தாலே செதிலாக உதிரும். நுனியில் இடைவெளி, விரலில் உதிர்ந்த தூள், காலடியில் தேங்கிய தண்ணீர். மரம் கருப்பு ஆஷ்.

இதை ஒரு விளையாட்டாக நினைப்பவர்களுக்கு இந்த மரத்தின் நாட்காட்டியைச் சொல்ல வேண்டும். வசந்தத்தில் கடைசியாகத் தளிர்க்கும் மரங்களில் ஒன்று அது; இலையுதிர்காலத்தில் முதலில் மொட்டையாகும் மரங்களிலும் ஒன்று. வருடத்தில் பாதிக்கும் மேல் இலையில்லாமல்தான் நிற்கிறது. இலை பார்த்து மட்டும் அறிகிறவருக்கு அந்த மாதங்கள் முழுக்க இந்த மரமே காட்டில் இல்லை.

வபனாக்கி, ஹோடெனோஷோனி, அனிஷினாபே ஆகிய பழங்குடி மக்கள் அப்படி அறிந்தவர்கள் அல்லர். அவர்களுடைய கூடைகளின் மரம் இது. நல்ல அடிமரத்தைத் தேர்ந்து, பட்டையை உரித்து, அதன் நீளம் முழுக்க மழுங்கிய சம்மட்டியால் அடிப்பார்கள். அடிக்க அடிக்க ஆண்டு வளையங்கள் ஒவ்வொன்றாகப் பட்டையாகப் பிரிந்து எழும். ஆஷ் மரம் வசந்தத்தில் போடும் கட்டையில் கண்ணுக்கே தெரியும் பெரிய குழாய்கள் ஒரு வரிசையாக அமைகின்றன. கோடையில் போடுவது நெருக்கமான கெட்டிக் கட்டை. அடி விழும்போது குழாய்வரிசை நொறுங்குகிறது, கெட்டிக் கட்டை முழு நீளத்துக்கும் உரிந்து வருகிறது. மேப்பிளில் குழாய்கள் வளையம் முழுக்கச் சிறிதாகப் பரவிக் கிடப்பதால் எவ்வளவு அடித்தாலும் இப்படிப் பிரியாது. அடித்துப் பார்ப்பதும் ஓர் அடையாளச் சோதனைதான் என்று சொல்லலாம்.

குச்சி, மொட்டு, பட்டை எதுவுமே மிஞ்சாத மரத்தையும் இந்தக் குழாய்களை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள். 1970-ல் இங்கிலாந்தின் சாமர்செட் சதுப்பில் பீட் மண் வெட்டிய ரே ஸ்வீட் என்பவரின் கண்ணில் ஒரு பழைய பலகை பட்டது. தோண்டத் தோண்ட, சதுப்பின் குறுக்கே ஏறக்குறைய 2 கிலோமீட்டர் நீள மரப்பாதை வெளிப்பட்டது. அவர் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. ஆக்சிஜன் புகாத ஈர மண்ணில் கட்டை அழுகாமல் கிடந்திருக்கிறது. வளையங்களை ஒப்பிட்டுப் பார்த்ததில், மரங்கள் வெட்டப்பட்டது கி.மு. 3807-க்கும் 3806-க்கும் இடைப்பட்ட குளிர்காலம் என்று தெரிந்தது. பலகைகளில் ஓக், ஆஷ், லைம். முளைகளில் ஹேசல், ஆல்டர் என்று பல மரங்கள். ஹேசலும் ஆல்டரும் நெருங்கிய உறவு; கட்டையை வெறும் கண்ணால் பிரிப்பது பாடு. சவரக் கத்தியால் மெல்லிய சீவல் எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால், நீர்க்குழாயின் இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் ஏணிப்படிபோன்ற குறுக்குச் சட்டங்கள் தெரியும். ஹேசலில் அவை பெரும்பாலும் பத்துக்குள் அடங்கும்; ஆல்டரில் அதைத் தாண்டிப் போகும். ஐயாயிரத்து எண்ணூறு வருடத்துக்கு முந்தைய மரத்தின் பெயரை இந்தப் படிகளை எண்ணித்தான் எழுதியிருக்கிறார்கள்.

கருப்பு ஆஷுக்கு இப்போது வந்திருக்கும் நிலைமையில் இந்த வித்தைகள் எல்லாம் அவசரத் தேவையாகிவிட்டன. 2002-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் அருகிலும், ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒன்டாரியோவின் வின்ட்சரிலும், ஆசியாவிலிருந்து வந்த மரகதப் பச்சை நிற வண்டு ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அதன் புழு ஆஷ் மரத்தின் பட்டைக்கு அடியில் வளைந்து வளைந்து பாதை போட்டு, உணவு போகும் திசுவைத் தின்றுவிடும். சில வருடங்களில் மரம் சாகும். வட அமெரிக்காவில் இதுவரை செத்த ஆஷ் மரங்கள் கோடிக்கணக்கில். இப்போது ஜூன் மாதத்திலும் இலையில்லாத மரங்கள் ஈரக்காட்டில் நிற்கின்றன. அவற்றின் பெயரை வண்டே சொல்லிவிட்டுப் போகிறது. முதிர்ந்த வண்டு வெளியேறும் துளை ஆங்கில டி எழுத்து மாதிரி, ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் வளைவு, 3 முதல் 4 மில்லிமீட்டர் அகலம். வண்டின் முதுகு தட்டை, வயிறு வளைவு, துளையும் அப்படியே. பர்ச்சையும் ஓக்கையும் துளைக்கும் உறவுக்கார வண்டுகளும் இதேபோலத் துளை போடுவதால், துளையோடு எதிரெதிர்க் கிளையும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

2018-ல் கனடாவின் அழிநிலை உயிரினங்களை மதிப்பிடும் குழு கருப்பு ஆஷை அச்சுறுத்தலுக்கு உள்ளான மரம் என்று அறிவித்தது. வண்டைத் தடுக்க முடியாத இடங்களில் விதையையாவது காப்பாற்றி வைக்கிறார்கள். ஆஷ் விதை முற்றுவது இலையுதிர்காலத்தில். சேகரிக்கப் போகும்போது கருப்பு ஆஷ் பெரும்பாலும் மொட்டையாகிவிட்டிருக்கும், சிறகு முளைத்த விதைகள் மட்டும் கொத்தாகத் தொங்கும். பக்கத்திலேயே பச்சை ஆஷ் நிற்கலாம். விதையே அங்கே வித்தியாசம் சொல்கிறது: பச்சை ஆஷில் சிறகு உருண்டையான விதையின் பாதியோடு நின்றுவிடும்; கருப்பு ஆஷில் விதை தட்டை, சிறகு அதைச் சுற்றி அடிவரை வரும். நுனிமொட்டின் இடைவெளியையும் ஒருமுறை பார்த்து உறுதிசெய்துகொண்டு, மரத்துக்கு எண் போட்டு, விதையைப் பைக்குள் போடுகிறார்கள். அப்படிச் சேரும் ஆஷ் விதைகள் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்து ஃபிரெடெரிக்டனிலுள்ள தேசிய மரவிதை மையத்துக்குப் போகின்றன. அங்கே அவற்றை உலர்த்தி, உறைநிலைக்குப் பல டிகிரி கீழே வைக்கிறார்கள். வெளியே எடுத்து விதைத்தாலும் கருப்பு ஆஷ் உடனே முளைக்காது. பெரும்பாலும் இரண்டு குளிர்காலத்தை மண்ணில் கழித்துவிட்டுத்தான் தலைகாட்டும்.